மடித்துப்பாக்கியும் என்ற சகலையும்

வாங்க, உள்ள வந்து உக்காருங்க. வெயில்ல எதுக்கு நின்னுக்கிட்டு? பக்கத்துப் பஞ்சர்க்காரரு இப்பத்தான் உங்க டயரைக் கழட்டறாரு. ட்யூபைத் தண்ணியில முக்கி, ஓட்டையைத் தேடி, ஒட்டி, காத்தடிச்சுக் குடுக்கறதுக்குள்ள ஒரு கதையே பேசி முடிச்சரலாம். அந்த மூட்டை மேலயே உக்காருங்க. யூரியாதான், ஒண்ணும் ஆகாது. உரக்கடைன்னா இந்த வாசம் இருக்கத்தான் செய்யும். சித்தெ நேரத்துல பழகிப்போகும்.

எந்த ஊருங்க உங்களுக்கு? கோயமுத்தூரா? கோயமுத்தூர்ல எங்க? சிங்காநல்லூரா! அட, என்ற சகலை அங்கதான் இருக்கறான். லோகநாதன்னு பேரு, லேத்துப் பட்டறை வெச்சிருக்கறான். தெரியாதுங்களா? தெரியாத வரைக்கும் நல்லதுங்க. தெரிஞ்சா நீங்களும் அவனைத் தலையில தூக்கி வெச்சு ஆட ஆரம்பிச்சிருவீங்க.

பொறாமைல பேசறேன்னு நெனைச்சுக்காதீங்க. எனக்கென்ன கொறைச்சல்? கடை இருக்குது, தோட்டம் இருக்குது, ஊருக்குள்ள சென்னியப்பன்னா ஒரு மரியாதை இருக்குது. நான் எதுக்குங்க ஒரு லேத்துக்காரனைப் பாத்துப் பொறாமைப்படறேன்? நடந்ததைச் சொல்றேன், கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க.

என்ற மாமனாரு ராக்கியண்ணன்னா அந்தக் கருங்காட்டுப்புதூர்ப் பக்கம் தெரியாதவங்க கிடையாது. அவருக்கு ரெண்டும் பொண்ணுங்க. பெரியவ ஈஸ்வரியை எனக்குக் குடுத்தாங்க. சின்னவ யமுனாவை நாலஞ்சு வருசங்கழிச்சு இந்த லோகுவுக்குக் குடுத்தாங்க. அப்ப பெரிய மாப்ளை யாருங்க? நான். வயசுல பெரியவன் யாரு? நான். அந்த ஊட்டுப் படியை மொதல்ல மிதிச்சவன் யாரு? அதுவும் நான்தான்.

அந்த ஊட்ல ஒரு கைத்துப்பாக்கி இருக்குதுங்க. மாமனாரோட அப்பாருக்கு ஒரு வெள்ளைக்கார எஞ்சினீரு குடுத்ததாமா. அப்பாரோட வண்டி மாட்டைப் பாத்து அவன் ஆசைப்பட்டு வெலைக்குக் கேட்டானாமா. இவரு மாட்டைச் சும்மாவே ஓட்டிவுட, அவன் சந்தோசத்துல தன்ற இடுப்புல இருந்ததை எடுத்துக் குடுத்துட்டானாமா. உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். அப்பாரு அதை வேட்டி மடியில செருகிக்கிட்டுத்தான் சந்தைக்குப் போவாராமா. அதனால ஊர்ல அதுக்கு மடித்துப்பாக்கின்னே பேரு. பழைய காலத்துச் சாமானுங்க. குழல்ல மருந்தைப் போட்டுக் குச்சியில குத்திக் கிட்டிச்சு, பின்னால இருக்கற மூக்கு மேல பொட்டு வெடியாட்டம் ஒரு கேப்பு மாட்டி, அது மேல அடிக்கற குதிரையை இழுத்துவிட்டுச் சுடோணும். குண்டெல்லாம் போடறதில்லை, வெறும் மருந்துதான். லைசன்ஸெல்லாம் சுத்தமா இருக்குது.

வருசா வருசம் பொங்கலுக்கு அந்த ஊர்ல ரேக்ளா வண்டிப் பந்தயம் நடக்கும். மத்த ஊர்ல கொடி ஆட்டுவாங்க. எங்க மாமனாரு ஊர்ல மட்டும் மடித்துப்பாக்கி வெடிச்சாத்தான் வண்டி கெளம்போணும். அது அந்தக் குடும்பத்து உரிமை. மாமனாருக்குக் கை நடுக்கம் வந்ததுக்கப்பறம் அந்த உரிமை யாருக்கு வரோணும்? ஆம்பளப் பையன் இல்லாத ஊடு. சொல்லுங்க, யாருக்கு வரோணும்?

ஆனா நடுவுல கொஞ்ச வருசம் துப்பாக்கி வெடிக்கலைங்க. மாமனாரு ஊட்ல ஓடு மாத்தறப்ப, "மாப்ள, இதை நீங்க கொண்டுபோய்ப் பத்தரமா வெய்யுங்க"ன்னு எங்கிட்டக் குடுத்தாரு. லைசன்ஸ்லயும் கூட வெச்சிருக்கற ஆளுன்னு என்ற பேரைச் சேத்தாச்சு. நானும் எத்தனை பத்தரமா வெச்சிருந்தேன் தெரியுங்களா? அதோ பாருங்க, அந்த மூலையில, யூரியா மூட்டைக்குப் பின்னால, கோணிச் சாக்குல சுத்தி. திருடன் வந்தாக் கூட அங்க தேடமாட்டான். நானே அதை அப்பறம் எடுத்துப் பாக்கலைன்னா பாத்துக்குங்க.

எலக்சன் வந்துதுங்க. எலக்சன் வந்தாத் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க அல்லாரும் டேசன்ல கொண்டுபோய் ஒப்படைக்கோணும். நானும் மாமனாரும் போனோம். ஏட்டய்யா மேசை மேல சாக்கைப் பிரிச்சாரு. உள்ள பாத்தா ஒரே துரு. துருன்னா, செவசெவன்னு பொரிஞ்சு, தொட்டாக் கையில உதிருது. குதிரை அசையலை, விசை அசையலை. ஏட்டு சிரிச்சுக்கிட்டே, "ஏனுங்க பெரியவரே, இதை இங்க ஒப்படைக்கறீங்களா, இல்லை பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போடறீங்களா?"ன்னாரு. மாமனாரு வர்ற வழியெல்லாம் பஸ்ல சன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாரு.

நான் என்னங்க பண்ணுவேன்? இந்த ஊருக் காத்து அப்படி. அந்தத் தராசைப் பாருங்க, வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆச்சு, அதும் துருப்புடிச்சுக் கெடக்குது. ஷட்டரு, கதவுத் தாப்பா, எல்லாமே அப்படித்தான். இந்தக் கடைக்குள்ள இரும்பு நிக்கறதே இல்லைங்க. என்னமோ ஒரு வாஸ்துக் கோளாறு.

அதுக்குத்தான் வந்து சேந்தானுங்க இந்த லோகு. எலக்சன் முடிஞ்சு துப்பாக்கி திரும்ப வந்தன்னைக்கு, மாமனாரு ஊட்ல சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, "குடுங்க மாமா, நான் பாக்கறேன்"னான். அவனை யாரு கேட்டா? மாமனாரு மூஞ்சியில ஒரு வெளிச்சம் பாருங்க. "பாருடா லோகு, உன்னால ஆகும்டா"ன்னாரு.

இதைக் கவனிச்சீங்களா? அவனை "வாடா லோகு, போடா லோகு". என்னை எப்பவும் "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள, சாப்புடுங்க மாப்ள". மாப்ளைக்கு மரியாதை குடுக்கறாரேன்னு ஊர்ல நெனைப்பாங்க. எனக்கு அந்த மரியாதையைக் கேக்கறப்பவெல்லாம் வெளி வாசல்லயே நிறுத்தி வெச்சாப்புல இருக்கும். ஒரே ஒரு தடவை, ஒரு தடவைங்க, "டேய் சென்னியப்பா"ன்னு கூப்புட்டிருந்தா நான் அன்னைக்கே குளுந்து போயிருப்பேன். அவனுக்கு மட்டும் பெத்த பையனாட்டம் அந்த "டா". எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும், எரியாதுங்களா?

என்னப்பா? டி.ஏ.பி. உரமா? சாயங்காலம் வா, லோடு வரோணும். போ. 

ஆமாங்க, எங்க உட்டேன்? சரி பண்ணப் போனான். உக்கடத்துல அவன்ற சிநேகிதன் ஒருத்தன் லைசன்ஸோட துப்பாக்கி ரிப்பேர்க் கடை வெச்சிருக்கறான். ஞாயித்துக்கெழமை ஆனா அந்தக் கடையில ஒரு ஓரமா உக்காந்துக்கிட்டு இவன் வேலை பாப்பான். நானும் ஞாயித்துக்கெழமை ஆனாக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிருவேன். வெதை வாங்கறதுக்குப் போனேன்னு ஊட்ல சொல்லிக்கறது. ஒரு கெடுதல் பண்ணிப்போடாம பாத்துக்கோணுமில்லைங்க? குடும்பச் சொத்து.

மொதல்ல சும்மா மண்ணெண்ணெயில ஊறப் போட்டான். எத்தனையோ வாரம். நான் கேட்டேன், "ஏன் லோகு, ஸ்குரூவைத் திருகிக் கழட்ட வேண்டியதுதானே?" "இல்லீங்ணா, அவசரப்பட்டா மரை போயிரும். அதுவா எளகி வரோணும்"னான். இரும்பு என்ன பொண்ணா, அதுவா மனசு எளகி வர்றதுக்கு? நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். ஆனா ஒரு ஞாயித்துக்கெழமை போறேன், மேசை மேல வெள்ளைத் துணியை விரிச்சு, ஒவ்வொரு ஸ்குரூவா வரிசையா வெச்சிருக்கறான். ஒண்ணு கூட ஒடையலைங்க. எனக்கு அன்னைக்கு டீ கூட எறங்கலை.

அப்பறம் துருவைத் தேய்ச்சான். குச்சியில துணியைச் சுத்தி, எண்ணெயும் செங்கல் பொடியும் தொட்டுத் தொட்டுக் குழலுக்குள்ள விட்டு இழுத்தான். "அண்ணா, சித்தெ புடிச்சுக்கறீங்களா?"ம்பான். நானும் புடிச்சுக்குவேன். அவன் இழுக்க, நான் புடிக்க. "நீங்க வந்தா எனக்கு ஒரு தெம்புங்ணா"ம்பான். வேசம்! மனசுல என்ன இருந்துதோ. பெரிய மாப்ளையை எடுபிடியாக்கிப்போட்டான் பாருங்க.

உள்ள இருக்கற ஸ்பிரிங்கு வில்லு ரெண்டா ஒடைஞ்சு கெடந்துச்சு. அது இல்லைன்னாக் குதிரை அடிக்காது. எங்கயும் கெடைக்காது, செஞ்சுதான் ஆகோணும். இவன் ஒரு பழைய சொவர்க் கடியாரத்து வில்லுத் தகட்டை வெட்டி, சிவக்கக் காய்ச்சி வளைச்சு, எண்ணெயில முக்குனான். மாட்டி இழுத்தான். படக்குன்னு ஒடைஞ்சுது. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அன்னைக்கு ஊட்டுக்கு வர்றப்ப மைசூர்பாகு வாங்கிட்டு வந்தேன். ஈஸ்வரி, "என்ன விசேசம்?"னா. "சும்மாத்தான், நீ தின்னு"ன்னேன். அடுத்த வாரம் இன்னொண்ணு செஞ்சான். அதும் ஒடைஞ்சுது. அன்னைக்கும் மைசூர்பாகு. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சுங்க. அதுக்கடுத்த வாரம் குதிரையை இழுத்து விடறான், "டக்"னு அடிக்குது. மறுக்கா இழுக்கறான், "டக்". என்னைப் பாத்துச் சிரிக்கறான், "அண்ணா, நின்னுக்கிச்சுங்ணா!" எனக்கு அந்தச் சத்தம் நெஞ்சுல அடிச்சாப்புல இருந்துது. பெட்டிக்கடையில ஒரு சோடா குடிச்சுப்போட்டு பஸ் ஏறுனேன்.

கடைசியா ஒண்ணு சொல்லிக் குடுத்தான், என்னமோ நான் கேட்டாப்புல. கேப்பு மாட்டற மூக்குல ஊசிமுனை ஓட்டை ஒண்ணு இருக்குது. நெருப்பு அது வழியாத்தான் மருந்துக்குப் போகோணும். "இரும்புக்கு எண்ணெ போடோணுங்ணா. ஆனா இந்த ஓட்டையில மட்டும் ஒரு சொட்டு நின்னாலும் மருந்து நமுத்துப் போயிரும், வெடிக்காது. துடைச்சிரோணும்"னான். சரி சரின்னு தலையை ஆட்டி வெச்சேன்.

மார்கழியில மாமனாரு தோப்புல வெடிச்சுப் பாத்தாங்க. லோகு மருந்து கிட்டிச்சுக் குடுக்க, மாமனாரே ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தாரு. சத்தம்னா சத்தம், தென்னமரத்துக் காக்காயெல்லாம் எந்திரிச்சுப் பறக்குது. மாமனாரு அழுதுட்டாருங்க. லோகுவைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, தோள்ல தட்டறாரு, முதுகுல தட்டறாரு, "எங்கப்பாரு வந்தாப்புல இருக்குதுடா"ங்கறாரு. நான் பக்கத்துலயே நிக்கறேன். குழலைப் புடிச்ச கை இந்தக் கை. என்னைப் பாத்து, "மாப்ள, வெயில்ல நிக்காதீங்க, நெழலுக்கு வாங்க"ன்னாரு. அவ்வளவுதான்.

பொங்கல் வந்துது. மாமனாரு ஊட்ல காலைச் சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கறோம். மாமனாரு சொல்றாரு, "இந்த வருசம் நம்ம துப்பாக்கி வெடிச்சுத்தான் வண்டி கெளம்போணும். சரி பண்ணுனவன் லோகு, அவனே வெடிக்கட்டும். என்னங்க மாப்ள?" என்னைக் கேக்கறாரு! நான் என்ன சொல்றது? "ஆமாங்க மாமா, அதுதான் மொறை"ன்னேன். லோகு ஏதோ சொல்ல வாயைத் தொறந்தான். யமுனா அவனைப் பாத்தா. வாயை மூடிக்கிட்டான். அடக்கமாமா, அடக்கம்.

லோகு மருந்து கிட்டிச்சு, துப்பாக்கியைப் பெட்டியில வெச்சு, சாமி ரூம்புல வெச்சுப்போட்டுக் குளிக்கப் போயிட்டான். நான் சாமி கும்புடப் போனேன். கும்புடத்தானுங்க போனேன். வெளக்குக்குப் பக்கத்துல மாமியா வெச்சிருந்த வெளக்கெண்ணெ பாட்டலு இருந்துது. பெட்டி தொறந்தே இருந்துது. மூக்கு ஓட்டை என்னையே பாத்துக்கிட்டு இருந்துது. ஒரே ஒரு சொட்டுங்க. இரும்புக்கு எண்ணெ நல்லதுன்னு அவனே சொன்னதுதானே? நான் என்ன, மண்ணையா அள்ளிப் போட்டேன்? வெடிக்காட்டி ஊரே அவனைப் பாத்துச் சிரிக்கும், கொஞ்சம் கொழுப்பு எறங்கும், அப்பறம் அல்லாரும் சேந்து சோறு தின்னலாம். அதுக்கு மேல ஒண்ணும் நெனைக்கலை.

மைதானத்துல கூட்டம்னா கூட்டம். மாடுக நெளியுது, வண்டிக்காரங்க மூக்கணாங்கவுத்தை இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. மைக்குல மாமனாரு பேரைச் சொல்றாங்க. லோகு பெட்டியைத் தொறந்து, துப்பாக்கியை எடுத்து, கேப்பை மாட்டுனான். மாட்டிப்போட்டு, சுடாம, மாமனாரு காதுல ஏதோ சொன்னான். மாமனாரு அவனையே பாத்தாரு. அப்பறம் மைக்கைப் புடுங்கிக்கிட்டு, "என்ற சின்னப் பொண்ணு மாசமா இருக்கறா!"ன்னு கத்தறாருங்க, ரேக்ளா மைதானத்துல!

கல்யாணமாகி வருசக்கணக்கா அவங்களுக்குக் கொழந்தை இல்லைங்க. போகாத கோயில் இல்லை. மூணு மாசம் தாண்டட்டும்னு யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்திருக்கறாங்க. எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பொண்டாட்டி மாசமா இருக்கறப்பப் புருசன் மொட்டை போடக்கூடாது, தேங்கா ஒடைக்கக்கூடாது, கெடா வெட்டக்கூடாது. வேட்டுப் போடறதும் ஆகாது. அப்ப அந்த வில்லை வளைக்கறப்பவே அவனுக்குத் தெரியும், இதை அவன் வெடிக்கப் போறதில்லைன்னு. தெரிஞ்சுக்கிட்டேதான் செஞ்சிருக்கறான்.

நேரா எங்கிட்ட வர்றான். துப்பாக்கியை என்ற கையில வெக்கறான். "அண்ணனுக்காகத்தானுங்க மாமா செஞ்சேன். ஒரு ஞாயித்துக்கெழமை தவறாம அத்தனை தூரம் வந்து என்ற கூட உக்காந்திருப்பாரு. அவருக்கு இது மேல எத்தனை ஆசைன்னு எனக்குத்தான் தெரியும்"னான். ஊரே கை தட்டுது. ஈஸ்வரி முன்னால வந்து நிக்கறா, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. மாமனாரு, "சுடுங்க மாப்ள"ங்கறாரு.

நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசன் இப்படிப் பண்ணலாமா? எனக்குத்தான் தரப்போறான்னா, காலையில தோசை திங்கறப்பவே சொல்லியிருக்கலாமில்லைங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சாமி ரூம்பு பக்கமே போயிருக்க மாட்டனே! இதுதாங்க அவன்ற குணம். எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வெச்சுக்குவான்.

தொடைக்கறதுக்கு ஏதுங்க நேரம்? தூக்கிப் புடிச்சேன். இழுத்தேன். தீவாளிக்குக் கொழந்தைங்க வெடிக்கற பொட்டுக் கேப்பு இருக்குதில்லைங்க, அந்தச் சத்தம். அவ்வளவுதான். ஒரு மாடு கூடக் காதை ஆட்டலை. அப்பறம் எவனோ ஒருத்தன் சிரிச்சான். அப்பறம் மைதானமே சிரிச்சுது. மானம் கப்பலேறிப் போச்சுங்க. யாரோ துண்டை வீசி வண்டிகளைக் கெளப்பி விட்டாங்க. புழுதிக்குள்ள நான் அதைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

லோகு வந்து வாங்குனான். கேப்பைக் கழட்டி, மூக்கு மேல வெரலை வெச்சு, மோந்து பாத்தான். அவன் போடறது மிசின் எண்ணெ. வெளக்கெண்ணெ வாசம் தனியாத் தெரியுமில்லைங்க. என்னைப் பாத்தான். கோவமாப் பாத்திருந்தாலாவது தேவலை. காச்சக்காரனைப் பாக்கறாப்புல பாத்தான். அப்பறம் திரும்பி, அல்லாருக்கும் கேக்கறாப்புல, "தப்பு என் மேலதானுங்க மாமா. எண்ணெ விட்டுத் தொடைக்க மறந்துட்டேன். அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க"ன்னான்.

மாமனாரு என்ன சொன்னாரு தெரியுங்களா? "போச்சாது, உடுடா லோகு, அப்பனாகப் போற சந்தோசத்துல மறந்திருப்பே"ன்னு அதுக்கும் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. துப்பாக்கி வெடிச்சன்னைக்கும் அவனைத்தான் கட்டிப் புடிச்சாரு. வெடிக்காதன்னைக்கும் அவனையேதான்! எங்கிட்ட வந்து, "நீங்க வெசனப்படாதீங்க மாப்ள, உங்க மேல ஒண்ணும் தப்பில்லை"ங்கறாரு. சாயங்காலம் ஊரெல்லாம் இதே பேச்சு. தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்ங்கறான் ஒருத்தன். தங்கமான புள்ளைங்கறா ஒருத்தி. செஞ்சவன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், பேரு அவனுக்குப் போகுது!

என்னால தாங்க முடியலைங்க. ஊட்டுக்கு வந்ததும் ஈஸ்வரியை உக்கார வெச்சுச் சொல்லிப்போட்டேன். "இந்தா பாரு, அவன் ஒண்ணும் மறக்கலை. வெளக்கெண்ணெயை ஊத்துனது நான். நானேதான்"னேன். அவ கண்ணுல தண்ணி. திட்டப் போறாளாக்கும்னு பாத்தா, என்ற கையைப் புடிச்சுக்கறா. "அவரு உங்க மானத்தைக் காப்பாத்தப் பழியை ஏத்துக்கிட்டாரு, நீங்க இப்ப அவரைக் காப்பாத்த உங்க மேல போட்டுக்கறீங்களாக்கும்? அவரு கூடச் சேந்ததுல உங்களுக்கும் அந்தக் குணம் வந்திருச்சுங்க"ங்கறா. நான் சாமி ரூம்பு, பாட்டலு, பெட்டின்னு ஒண்ணொண்ணா வெளக்கறேன். "போதும், பொய் சொல்லக் கூட உங்களுக்குச் சரியாத் தெரியலை"ன்னு சிரிக்கறா.

அன்னைக்கே அப்பனுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போட்டா. மறுநா காலையில மாமனாரு கூப்புடறாரு. "மாப்ள, ஈஸ்வரி சொன்னா. நொம்ப சந்தோசம். லோகுகிட்ட இருந்து நல்லதைக் கத்துக்கிட்டீங்க"ங்கறாரு. கத்துக்கிட்டனாமா! அவன்கிட்ட இருந்து!

ஆச்சுங்களா, டயரு ரெடியா? கூப்புடறாரு பாருங்க. காத்து சரியா இருக்குதான்னு பாத்து வாங்குங்க. சிங்காநல்லூர்ல லோகு பட்டறைப் பக்கம் போனா, இங்க வந்ததா ஒண்ணும் சொல்லிக்காதீங்க. உங்களுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்து உங்களையும் மாத்திருவான்.

சித்தெ நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு. அந்த எண்ணெயை நான்தானுங்க ஊத்துனேன். நீங்களாவது நம்பறீங்களா?